ரேஸ்ல புத்தியை எப்படி ஓட விடறது? நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் 800 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை ஓடும் பிள்ளைகளோடு காலையும் சாயங்காலமும் கிரவுண்டில் நிற்கிறவன் நான். சப் ஜில்லா, ஜில்லா மீட் என்று கேரளப் பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு, எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, கோவை போய் ஓடுகிறவர்களும் உண்டு. எத்தனை கிலோமீட்டர் ஓடலாம், என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். ரேஸ் நடக்கும்போது எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, யாரை விடுவது, யாரைப் பிடிப்பது என்பதைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

வேகமா ஓடறவன் ஜெயிக்கறான். இதுல தந்திரம் என்னங்க வேண்டிக் கிடக்கு?

2016 ரியோ ஒலிம்பிக் 1500 மீட்டர் ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00-ல் தங்கம் வாங்கினார். 1932-க்குப் பிறகு அவ்வளவு மெதுவான நேரத்தில் யாரும் அந்தத் தங்கத்தை வாங்கியதில்லை. அதே ரியோவில் அடுத்த மாதம் நடந்த பாராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான 1500-ல் முதல் நாலு பேரும் அதைவிட வேகமாக ஓடினார்கள். ஒலிம்பிக் ஃபைனலில் நின்றவர்களுக்கு 3:50 என்பது ஒரு பொருட்டே இல்லை. சென்ட்ரோவிட்ஸ் முன்னால் போய் உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவான வேகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, கடைசி ரவுண்டை 51 விநாடிக்குள் ஓடி முடித்துவிட்டார். பின்னால் இருந்தவர்கள் வெளியே சுற்றிக்கொண்டு வந்து அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது, முடியவில்லை.

எட்டு வருஷம் கழித்து 2024 பாரிஸில் அதே 1500-ஐ கோல் ஹாக்கர் 3:27.65-ல் ஜெயித்தார். அதனால் தந்திரம் இருந்தால் போதும், பயிற்சி வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜில்லா ஃபைனலில் முதல் ஐந்து பேரின் பெஸ்ட் டைமும் மூணு நாலு விநாடிக்குள்தான் கிடக்கும். அந்த மூணு நாலு விநாடியை எங்கே தொலைக்கிறோம், எங்கே மிச்சம் பிடிக்கிறோம் என்பதுதான் இந்தப் பேச்சு முழுக்க.

இந்த புத்தியெல்லாம் பிறக்கும்போதே வரணுங்களா, பழகினா வருமா?

பழகினால் வரும். கூட்டத்துக்கு நடுவில் கண் எங்கே போக வேண்டும், காது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பையன்தான் வெளியிலிருந்து பார்க்க ‘பிறவி ரேசர்’ மாதிரி தெரிகிறான். பெரும்பாலும் அண்ணன் தம்பியோடு கண்மாய்க் கரையிலும் பள்ளிக்கூட கிரவுண்டிலும் சின்ன வயதிலிருந்தே போட்டி போட்டு ஓடியவனாக இருப்பான். தனியாக ரோட்டில் ஓடியே வளர்ந்த பிள்ளைக்கு மூச்சு இருக்கும், கால் இருக்கும், பக்கத்தில் ஒருத்தன் தோளை உரசினால் என்ன செய்வதென்று மட்டும் தெரியாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ரேஸ் முடிந்து மூச்சு வாங்கியதும் பிள்ளையிடம் கேளுங்கள்: “ரெண்டாவது ரவுண்டு முடியறப்ப உனக்கு முன்னாடி எத்தனை பேரு? யாரு லீட்ல இருந்தா? உன் வலப்பக்கம் யாராவது இருந்தாங்களா?” முதல் தடவை பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள். தன் மூச்சும் வலியும் தவிர ஒன்றும் நினைவில் இருக்காது. ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் இதே கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டால் அடுத்தடுத்த ரேஸில் தானாகவே பார்க்க ஆரம்பிப்பார்கள். இந்தப் பார்வை வராத பிள்ளைக்கு மற்ற எதைச் சொல்லிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

எங்க மீட்ல வெடி வெடிச்சதும் எல்லாரும் கண்ணை மூடிட்டு பறக்கறாங்க. நானும் போகணுமா?

வேண்டாம். ஸ்கூல் மீட் 1500-ல் முதல் 300 மீட்டர் 800-ன் வேகத்தில் போகும், மூணாவது ரவுண்டில் பாதிப் பேர் நடப்பது போல ஆகிவிடுவார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் 800-ல் தொப்பி போட்டுக்கொண்டு ஓடிய டேவ் வாட்டிலைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். முதல் ரவுண்டில் எட்டு பேரில் கடைசி ஆள் அவர்தான். கடைசியில் 1:45.86-ல், 0.03 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார். அவர் ஒவ்வொரு 200-ஐயும் ஏறத்தாழ 26.4, 26.9, 26.4, 26.2 என்று ஓடினார். கடைசியில் அவர் பறந்த மாதிரி தெரிந்ததற்குக் காரணம் மற்றவர்கள் தளர்ந்து போனதுதான்.

ஆனால் வாட்டில் மாதிரி மொத்தமாகக் கடைசிக்குப் போகச் சொல்ல மாட்டேன். 12 பேர் நிற்கும் ரேஸில் கடைசியில் போனால் 11 பேரை வெளியே சுற்றித்தான் தாண்ட வேண்டும், அதன் கணக்கை அப்புறம் சொல்கிறேன். முதல் 50 மீட்டர் சுறுசுறுப்பாகப் போய் நாலாவது ஐந்தாவது இடத்தைப் பிடியுங்கள், அப்புறம் உங்கள் வேகத்துக்கு வந்துவிடுங்கள். பறக்கிறவர்கள் பறக்கட்டும்.

லீட்ல போனா நல்லதா, ஆள் பின்னாடி போனா நல்லதா?

பின்னால் போனால் காற்று மிச்சம். க்ரிஃபித் பியூ என்ற விஞ்ஞானி 1971-ல் இதை அளந்தே பார்த்துவிட்டார். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், அதாவது 1500-ஐ 4:10-ல் ஓடும் வேகத்தில், இன்னொருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் ஆக்சிஜன் செலவு 6.5 சதவீதம் குறைகிறது. அதே வேகத்தில் முன்னால் ஓடுகிறவரை விட உங்களுக்குச் செலவு குறைவு, அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊரில் இது இன்னும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக உட்கார்ந்திருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். ரேஸுக்கு முன் வார்ம்-அப் ஓடும்போதே எந்த நேர்கோட்டில் முகத்தில் அடிக்கிறது, எதில் முதுகில் தள்ளுகிறது என்று பார்த்து வைக்க வேண்டும். கொடி, மரம், புழுதி எது தெரிகிறதோ அதைப் பாருங்கள். எதிர்க்காற்று நேர்கோட்டில் லீட் எடுக்கவே கூடாது, யார் முதுகுக்காவது பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். கிளம்புவதாக இருந்தால் காற்று முதுகில் தள்ளும் நேர்கோட்டில் கிளம்புங்கள். அங்கே உங்கள் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் மறைப்பாக இருந்து ஒரு லாபமும் தர மாட்டீர்கள்.

லீட் எடுத்து ஜெயிப்பவர்களும் இருக்கிறார்கள். 2012 லண்டனில் டேவிட் ருடிஷா 800-ஐ முதலிலிருந்தே முன்னால் ஓடி 1:40.91-ல் உலக சாதனை வைத்தார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவினாஷ் சாப்ளே 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் (தடைகளைத் தாண்டி ஓடுவது) முன்னால் போனவர் திரும்பியே பார்க்கவில்லை, 8:19.50. இரண்டு பேருமே அந்த ரேஸில் மற்ற எல்லாரையும் விடத் தெளிவாகப் பலசாலிகள். உங்கள் ரேஸில் நீங்கள் அப்படி என்றால் போங்கள். இல்லையென்றால் ஒளிந்திருங்கள்.

பின்னாடின்னா சரியா எந்த எடத்துல நிக்கணும்? எல்லாரும் “நல்ல பொசிஷன்ல நில்லு”ன்னு மட்டும் சொல்றாங்க.

முன்னால் போகிறவரின் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால். உங்கள் இடது தோள் அவர் வலது தோளுக்கு நேராக வருகிற மாதிரி, அரை அடி தள்ளி. இப்படி நின்றால் காற்று ஓரளவு மறைகிறது, வலப்பக்கம் உங்களுக்கு வழி திறந்திருக்கிறது, முன்னால் நடப்பதும் தெரிகிறது. நேர் பின்னால் உள்கோட்டில் ஒட்டிக்கொண்டால் தூரம் மிச்சம், ஆனால் வழி அடைபடலாம்.

இப்போது அந்தக் கணக்கு. வளைவில் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் அந்த வளைவுக்கு மட்டும் 3.14 மீட்டர் கூடுதல். 1500-ல் ஏழு வளைவு உண்டு. ஏழிலும் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் 22 மீட்டர், மேலே சொன்ன 4:10 வேகத்தில் மூன்றரை விநாடிக்கு மேல். அதனால் வளைவில் உள்ளே, நேர்கோட்டில் தோளுக்கு. ஆளைத் தாண்டுவதும் நேர்கோட்டில்தான். வளைவில் ஒருத்தனைச் சுற்றித் தாண்டுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், சம்பாதித்ததை ரோட்டில் கொட்டுவது போல.

800 ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வளைவு லேனில் ஓடி, கோடு தாண்டியதும் உள்ளே வரலாம் என்றவுடன் எல்லாரும் ஒரேயடியாக உள்ளே பாய்கிறார்கள், அங்கேதான் கால் தட்டி விழுகிறார்கள். எட்டாவது லேனிலிருந்து முழு நேர்கோட்டையும் எடுத்துக்கொண்டு சாய்வாக முதல் லேனுக்கு வந்தால் கூடுதல் தூரம் அரை மீட்டர்கூட இல்லை. அவசரமே வேண்டாம்.

நடுவுல மாட்டிக்கிட்டா என்ன பண்றது மாஷே? முன்னாடியும் ஆளு, பக்கத்துலயும் ஆளு.

முதலில் பதறாதீர்கள். 300 மீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தால் பெரும்பாலும் தானாகவே திறக்கும், ஏனென்றால் பக்கத்தில் வெளியே ஓடுகிறவன் உங்களை விட அதிக தூரம் ஓடிக்கொண்டிருக்கிறான், அவன் ரொம்ப நேரம் அங்கே நிற்க மாட்டான். 300-க்குக் கீழே என்றால் நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். அரை எட்டு (அரைக் காலடி) பின்வாங்கி, பக்கத்து ஆளைப் போக விட்டு, அவன் பின்னாலேயே வெளியே வாருங்கள். அரை எட்டு இழப்பது பெரிதாகத் தோன்றும். கையால் தள்ளிக்கொண்டு வெளியே வர முயன்றால் தாளமும் போகும், நடுவர் கொடி தூக்கினால் ரேஸும் போகும்.

உள்பக்கம் திறந்தால் தாராளமாகப் போகலாம், ஆனால் அது உறுதி கிடையாது. பாரிஸ் 1500-ல் ஹாக்கர் கடைசி 200-ல் உள்பக்கமாக நுழையப் பார்த்தார், முன்னால் இருந்த யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் கோட்டை ஒட்டி வழியை மூடிவிட்டார். ஹாக்கர் ஒரு கணம் தளர்த்திவிட்டு, கடைசி நேர்கோட்டில் இங்கெப்ரிக்ட்சன் கொஞ்சம் வெளியே விலகியதும் அதே உள்பக்கம் திரும்ப நுழைந்து ஜெயித்தார். முதல் தடவை அடைபட்டபோது அவர் பதறியிருந்தால் இரண்டாவது தடவைக்குத் தெம்பே இருந்திருக்காது. முன்னாலேயே ஓடி வந்த இங்கெப்ரிக்ட்சன் நாலாவது. லீட் பற்றிய கேள்விக்குச் சொன்ன பதிலோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

உள்ள கோட்டை ஒரு தடவ மிதிச்சா என்ன ஆயிடும்?

மெடல் போகலாம். புதுக்கோட்டைக்காரர் கோவிந்தன் லட்சுமணன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார், வெண்கலம் என்று எல்லாரும் கொண்டாடிய பிறகு டிராக்குக்கு உள்ளே கால் வைத்ததற்காகத் தகுதி நீக்கம் செய்தார்கள். முந்தின வருஷம்தான் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அதன் பிறகு உலக விதியில், வளைவில் ஒரு தடவை மிதித்தால் மன்னிக்கும் அளவுக்குத் தளர்த்தியிருக்கிறார்கள். அதை நம்பி ஓட வேண்டாம். நெரிசலில் கோட்டோரம் ஓடும்போது ஒரு சாண் இடம் விட்டு ஓடிப் பழகுங்கள்.

கிக் எப்ப போடறது? 200-லயா, 300-லயா, மணி அடிச்சதுமா?

கிக் என்றால் கடைசியில் முழு வேகத்தில் கிளம்புவது, மணி என்றால் கடைசி ரவுண்டு தொடங்கும்போது அடிப்பது. எப்போது கிளம்புவது என்பதற்கு ஒரே பதில் கிடையாது, உங்கள் காலுக்கு ஒரு தூரம் உண்டு. அதைப் பயிற்சியில் கண்டுபிடிக்க வேண்டும். ரேஸ் வேகத்தில் 800 ஓடிவிட்டு நிற்காமல் முழு வேகத்தில் கிளம்புங்கள். எந்த இடத்தில் காலை எடுத்து வைக்க முடியாமல் தளர்கிறதோ அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். சிலருக்கு 120 மீட்டரில் வந்துவிடும், சிலருக்கு 280 வரை தாங்கும். இரண்டு மூன்று வாரம் விட்டு விட்டுச் செய்து பார்த்தால் உங்கள் தூரம் தெரிந்துவிடும். அதற்கு மேல் கிளம்பினால் கடைசி 40 மீட்டரில் ஆள் உங்களைத் தாண்டுவான்.

நம்ம மாவட்டத்து முண்டூர்க்காரி பி.யு. சித்ரா 2019-ல் தோஹாவில் ஆசிய சாம்பியன்ஷிப் 1500-ஐ ஜெயித்தது கடைசி நேர்கோட்டில்தான். பஹ்ரைனின் டிகெஸ்ட் கஷாவைப் பிடித்துத் தாண்டி 4:14.56. 2017 புவனேஸ்வரிலும் தங்கம் அவருக்கே. 2018 ஜகார்த்தாவில் 800-க்கு எல்லார் கண்ணும் ஜின்சன் ஜான்சன் மேல் இருந்தது, மஞ்ஜீத் சிங் கடைசி நேர்கோட்டில் வந்து 1:46.15-ல் தங்கத்தைக் கொண்டு போனார், ஜின்சன் 1:46.35. சில நாளில் 1500-ஐ ஜின்சன் ஜெயித்துவிட்டார். ஹாங்சோவில் பாருல் சௌத்ரி 5000-ல் ஜப்பானின் ஹிரோனாகாவைக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்த்தான் தாண்டினார். இந்த வீடியோக்களைப் பார்க்கும்போது கடைசி 100-ஐ மட்டும் பார்க்காதீர்கள். 400 மீட்டர் மிச்சம் இருக்கும்போது ஜெயித்தவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். லீடரிடமிருந்து ரொம்ப விலகியிருந்தால் எந்தக் கிக்கும் எட்டாது.

எனக்கு கிக்கே வராதுங்க. கடைசி 100-ல எல்லாரும் தாண்டிப் போறாங்க.

கடைசி 100 வரைக்கும் ஏன் காத்திருக்கிறீர்கள்? ஸ்ப்ரிண்ட் உள்ளவனுக்குப் பிடித்த ரேஸ் மெதுவாகப் போய்க் கடைசியில் வெடிக்கிற ரேஸ். அதை அவனுக்குக் கொடுக்காதீர்கள். 1500 என்றால் 600 மிச்சத்திலிருந்தும், 5000 என்றால் மூணு ரவுண்டு மிச்சத்திலிருந்தும் ஒவ்வொரு 200-க்கும் அரை விநாடி, ஒரு விநாடி என்று ஏற்றிக்கொண்டே போங்கள். திடீரென்று பாய வேண்டாம், அவன் பின்னால் ஒட்டிக்கொள்வான், உங்களுக்கும் மூச்சு உடையும். கடைசி 100-க்கு வரும்போது அவன் காலிலும் ஸ்ப்ரிண்ட் இருக்கக் கூடாது.

2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் ஜோஷ் கெர் இங்கெப்ரிக்ட்சனைத் தோற்கடித்தது கடைசி 200-ல் முன்னால் போய்த்தான், 3:29.38. முந்தின வருஷம் யூஜினில் ஜேக் வைட்மேனும் அதே மாதிரி 200 மிச்சத்தில் முன்னால் போனார். இரண்டு பேரும் கடைசி நேர்கோட்டுக்கு முன்னாலேயே லீட்டைப் பிடித்துவிட்டதால் துரத்த வேண்டிய ஆள் இங்கெப்ரிக்ட்சன் ஆகிவிட்டார். கிக் இல்லை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். கடைசி வளைவுக்குள் நுழையும்போது முன்னால் இருப்பது இரண்டு மூன்று மீட்டர் மதிப்புள்ள சொத்து.

பக்கத்துல ஓடறவன் களைச்சுட்டானா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

காதால். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்க முடியாது, கேட்க முடியும். நன்றாக ஓடுகிறவனின் மூச்சு கால் தாளத்தோடு சேர்ந்து சீராக வரும். களைக்கும்போது முதலில் மூச்சு தாளத்தை விட்டுப் பிரியும், வெளியே விடும்போது ‘ஹா’ என்று சத்தம் வரும். அப்புறம் காலடி. ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ) தரையில் தொடும் சத்தம் ‘டக் டக்’ என்று இருந்தது ‘தப் தப்’ என்று மாறும், குதிகால் விழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முன்னால் ஓடுகிறவன் என்றால் தோளைப் பாருங்கள், காதை நோக்கி மேலே ஏறும். முழங்கை வெளியே விரியும். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்கோட்டைப் பிடிக்க முடியாமல் ஒரு அடி விலகிப் போவான். அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கிறவன் பயந்துவிட்டான்.

இதே அடையாளங்களை அவனும் உங்களிடம் தேடுவான் என்பதை மறக்க வேண்டாம். தாண்டும்போது மூச்சை அடக்க வேண்டாம், ஆனால் தாண்டும் அந்த எட்டு பத்துக் காலடியில் தோளைக் கீழே இறக்கி, முகத்தைத் தளர்த்தி, தெளிவாகத் தாண்டுங்கள். மெதுவாக உரசிக்கொண்டு தாண்டினால் அவன் கூடவே வருவான். சாயங்கால ரேஸில் இன்னொன்றும் உண்டு. சூரியன் பின்னால் இருக்கும் நேர்கோட்டில் பின்னால் வருகிறவனின் நிழல் உங்களுக்கு முன்னால் விழும், தலையைத் திருப்பவே வேண்டாம்.

கோச் கிடையாது, நாங்க நாலஞ்சு பேருதான். இதை எல்லாம் எப்படிப் பழகறது?

நாலஞ்சு பேர் தாராளமாகப் போதும். வாரத்தில் ஒரு நாள், களைப்பு இருக்கிற பயிற்சியின் கடைசியில் செய்யுங்கள். தெம்பாக இருக்கும்போது எல்லாருக்கும் புத்தி வேலை செய்யும், மூச்சு முட்டும்போது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

எனக்குப் பிடித்தது சீட்டு ஓட்டம். 1200 மீட்டர், ரேஸ் வேகத்தை விடக் கொஞ்சம் குறைவாகக் கிளம்ப வேண்டும். ஓடுவதற்கு முன் ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். ஒரு சீட்டில் “500 மிச்சத்தில் கிளம்பு”, ஒன்றில் “கடைசி 150 வரைக்கும் லீட் எடுக்காதே”, ஒன்றில் “ரெண்டாவது ரவுண்டில் முன்னால் போய் வேகத்தைக் குறை”, மிச்சச் சீட்டில் ஒன்றும் இருக்காது, நடப்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். யாருக்கு என்ன சீட்டு என்று மற்றவர்களுக்குத் தெரியாது. முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து யாருக்கு என்ன வந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறவன் ரேஸைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறான். வெற்றுச் சீட்டு கிடைத்தவர்கள்தான் ரொம்பக் கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது விசில். வரிசையாக ஓடும்போது ஒரு விசிலுக்குக் கடைசி ஆள் 60 மீட்டருக்குள் முன்னால் வர வேண்டும், இரண்டு விசிலுக்கு லீடர் சொல்லாமல் வேகத்தை ஏற்ற வேண்டும், மற்றவர்கள் இடைவெளி விடாமல் மூட வேண்டும். விசில் வளைவில் வந்தால் நேர்கோடு வரைக்கும் காத்திருந்துதான் தாண்ட வேண்டும் என்று கட்டாயம் வையுங்கள். மாட்டிக்கொள்வதையும் பழகலாம். மூன்று பேர் சுற்றி நின்று ஒருவரை 300 மீட்டருக்கு அடைத்து ஓட, நடுவில் இருப்பவர் கை படாமல் வெளியே வர வேண்டும். முதலில் மெதுவாக, புல்தரையில், ஸ்பைக்ஸ் இல்லாமல் செய்யுங்கள்.

வீடியோவும் உதவும், ஆனால் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். 500 மிச்சத்தில் நிறுத்தி, யார் ஜெயிப்பார், ஏன் என்று ஆளுக்கொரு பதில் சொல்லிவிட்டு மேலே ஓட விடுங்கள்.

வாட்ச் கட்டிட்டு ஓடலாமா?

பயிற்சியில் கட்டுங்கள், ஆனால் பார்க்காதீர்கள். 400 ஓடி முடித்ததும் நேரத்தை வாயால் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். ஒரு விநாடிக்குள் சொல்ல வந்துவிட்டால் ரேஸில் ‘இது மெதுவா, வேகமா’ என்று கால் சொல்லும். டிராக் ரேஸில் மணிக்கட்டைப் பார்க்கிற நேரத்தில் ஒருத்தன் கிளம்பிவிடுவான்.

மண் கிரவுண்டுல பழகிட்டு சிந்தடிக்ல போனா கணக்கெல்லாம் மாறுது.

மாறும். நம்ம ஸ்கூல் கிரவுண்டில் பெரும்பாலும் ஒரு ரவுண்டு 200 மீட்டர்தான், வளைவும் இறுக்கம், அதனால் தாண்டவே இடம் கிடைக்காது, முதலில் முன்னால் போனவன் கடைசிவரை முன்னால் என்ற பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. 400 மீட்டர் டிராக்கில் நேர்கோடு நீளம், தாண்ட நேரம் உண்டு. மீட்டுக்கு முந்தின நாளே போக முடிந்தால் 100, 200, 300 கோடுகள் எங்கே, மணி எங்கே அடிப்பார்கள், காற்று எந்தப் பக்கம் என்று நடந்து பார்த்துவிடுங்கள். மீட் நாளில் மைதான ஓரத்தில் தமிழிலும் மலையாளத்திலும் பத்துப் பேர் கத்துவார்கள். யாராவது ஒருத்தர் குரலை மட்டும் கேட்பது என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். அவரும் “ஓடு ஓடு” என்று கத்தாமல், “பின்னாடி அஞ்சு மீட்டர்” என்கிற மாதிரித் தகவல் சொன்னால் உபயோகம்.

எம் பொண்ணு நல்லா ஓடுவா. கூட்டத்துல இடிச்சா பயந்து வெளிய போயிடறா.

நீங்கள் சொல்வது நிறைய பிள்ளைகளுக்கு உண்டு, பையன்களுக்கும் உண்டு. அவளை “தைரியமா இரு” என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டாம். மேலே சொன்ன அடைத்து ஓடும் பயிற்சியில் தெரிந்த தோழிகளோடு தோள் உரசி ஓட விடுங்கள், ஒரு மாதத்தில் உரசல் சாதாரணமாகிவிடும். எட்டைச் சின்னதாக்கி, முழங்கையை உடம்போடு வைத்து, தன் இடத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று அப்போது பிடிபடும். அதுவரை ரேஸில் இரண்டாவது லேனின் உள்ளோரம் ஓடட்டும், இரண்டு மூன்று விநாடி செலவானாலும் விழுந்து முட்டி உடைவதை விட நல்லது.

ஒரே ஸ்கூல் பசங்க ரெண்டு பேரு ஃபைனல்ல. சேர்ந்து பிளான் போடலாமா?

வேகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆளை மறிக்கக் கூடாது. இரண்டு பேரும் ரவுண்டுக்கு ஒருவராக மாறி மாறி லீட் எடுத்து மற்றவர்களைக் களைக்க வைப்பது முழுக்க நியாயம். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டு 10,000 மீட்டரில் இடுக்கிக்காரி பிரீஜா ஸ்ரீதரன் 31:50.47, கவிதா ராவுத் 31:51.44 என்று இந்தியாவுக்குத் தங்கமும் வெள்ளியும் ஒன்றாக வந்தன. கூட ஓடுகிறவள் விடாமல் பக்கத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்ல நேரம் வரும்.

ஆனால் ஒருவன் மூணாவது ஆளை அடைத்து நிற்க, இன்னொருவன் ஓடிப் போவது என்று திட்டம் போட்டால் அது தகுதி நீக்கத்துக்கு வழி. அதோடு, கடைசி 300-ல் திட்டம் எல்லாம் முடிந்தது, அங்கே அவரவர் ரேஸ் என்று இரண்டு பேரும் முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். பேசாவிட்டால் ரேஸுக்குப் பிறகு நட்பு கெடும்.

பிளானோடதான் போறேன். வெடி சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்துபோயிடுது.

பிளான் நீளமாக இருக்கிறது. “முதல் ரவுண்டு 68, ரெண்டாவது 70” என்று மனப்பாடம் செய்து போகிறீர்கள், முதல் ரவுண்டு 64 போனதும் மிச்சம் எல்லாம் வீண். அதற்குப் பதில் ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்று இரண்டே இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘மெதுவாகப் போனால் மணிக்கு முன் இரண்டாவது இடத்துக்கு வருவேன். வேகமாகப் போனால் நாலாவது ஆளோடு ஒட்டி, 300-ல் பார்ப்பேன்.’ இதைப் படுக்கும்போதும் வார்ம்-அப்பிலும் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். சீட்டு ஓட்டத்தில் இதே இரண்டையும் வைத்து ஓடிப் பழகினால் ரேஸில் யோசிக்கவே வேண்டியிருக்காது.

5000-ல நடுவுல ஒருத்தன் திடீர்னு வேகம் எடுக்கறான். கூடப் போகணுமா, விட்டுடணுமா?

கேட்டதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். முதலில் பார்க்க வேண்டியது யார் கிளம்புகிறார்கள் என்பது. உங்களை விட நல்ல டைம் உள்ளவன் என்றால் அவன் தாங்குவான், உங்களால் முடியுமா என்பதை உடனே யோசிக்க வேண்டும். முன்பின் தெரியாதவன், அல்லது அவன் பள்ளிக்கூடத்து நண்பனுக்காக எல்லாரையும் களைக்க வைக்கிறவன் என்றால் பெரும்பாலும் திரும்பி வருவான். இரண்டாவது, எவ்வளவு மிச்சம். ஆறேழு ரவுண்டு இருக்கும்போது பாய்ந்து மூடாதீர்கள். இடைவெளி பத்து மீட்டருக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டு, ஒரு முழு ரவுண்டு எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஒரே ரவுண்டில் அவன் கொடுத்த விலையை நீங்களும் உடனே கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள். முன்னணியில் மூணு பேர் சேர்ந்து போய்விட்டார்கள் என்றால் அவர்கள் காற்றைப் பகிர்ந்துகொள்வார்கள், நீங்கள் தனியாகப் பின்னால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்போது கஷ்டப்பட்டாவது போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. தனி ஆள் போனால் விடலாம், கூட்டம் போனால் விடாதீர்கள். இரண்டு ரவுண்டுக்குள் என்றால் கேள்வியே இல்லை, யார் போனாலும் கூடப் போக வேண்டியதுதான்.

எல்லாம் சரியா செஞ்சேன், அப்பவும் தோத்துட்டேன். புத்தி தப்பா, ஓட்டம் பத்தலையா?

அன்றைக்கு ராத்திரியே நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். கடைசி 400-க்குள் நுழையும்போது எத்தனையாவது இடம், லீடருக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம், முதலில் கிளம்பியது நீங்களா வேறு ஆளா. ஐந்து மீட்டருக்குள் நல்ல இடத்தில் நின்று, உங்கள் தூரத்தில் கிளம்பியும் தாண்ட முடியவில்லை என்றால் ஓட்டம்தான் பத்தவில்லை, பயிற்சிக்குத் திரும்புங்கள், தந்திரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். 20 மீட்டர் பின்னால் இருந்துகொண்டு கடைசி 200-ஐ எல்லாரையும் விட வேகமாக ஓடி நாலாவது வந்திருந்தால் கால் இருக்கிறது, இடம்தான் தப்பு. இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளைக் கூட்டத்தில் எல்லாரும் பாராட்டுவார்கள், “என்ன ஒரு ஃபினிஷ்!” என்பார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையைத்தான் அடுத்த வாரம் சீட்டு ஓட்டத்தில் முதல் மூணு இடத்துக்குள்ளேயே ஓட வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும்.